அக்டோபரில் தனியாக ஒரு ஜப்பான் மலை: குரங்கு, காட்டாடு, பனிக்கோழி, கரடி

ஈசூன் நடையர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஜப்பான் போய், நாகானோ மாநிலத்தில் இருக்கும் சோகாதாகே மலையில் தனியாக ஏறி இறங்கினேன். உயரம் 2,677 மீட்டர். செலவு, தங்குமிடம் பற்றியெல்லாம் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வழியில் எதிர்ப்பட்ட விலங்குகளைப் பற்றி, முக்கியமாக ஒரு கரடியைப் பற்றி. வீடு திரும்பி 3 வாரம் ஆகிவிட்டது, அந்தக் காலை நேரம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மலையடிவாரத்தில் இருப்பது காமிகோச்சி என்ற பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். மாட்சுமோட்டோ ஊரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போக வேண்டும். சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்கள். நவம்பர் 15ஆம் தேதியோடு மூடிவிட்டு ஏப்ரலில்தான் மறுபடி திறப்பார்கள். மலையேறும் முன் பெயர், போகும் வழி, திரும்பும் நாள் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாகானோவில் பல பாதைகளுக்கு 2016 முதல் இது சட்டப்படி கட்டாயம். நான் இங்கிருந்தே இணையத்தில் பதிந்துவிட்டு ஒரு நகலை என் அக்காவுக்கு அனுப்பினேன்.

அசுசா ஆற்றை ஒட்டி 7 கிலோமீட்டர் நடந்தால் தொக்குசாவா என்ற இடம். அதுவரை சமதளம். அங்கிருந்து உச்சிவரை ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற்றம். சிங்கப்பூரில் நம் புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். அதனால் 4 மாதம், வாரத்தில் 3 நாள், 7 கிலோ பையைச் சுமந்துகொண்டு எங்கள் புளோக்கின் 16 மாடிப் படியை ஏறி இறங்கிப் பழகினேன்.

முதலில் எதிர்ப்பட்டவை குரங்குகள். ஆற்றோரப் பாதையில் இருபதுக்கும் மேல் ஒரு கூட்டமாக வந்தன. சிவந்த முகம், தடித்த ரோமம். ஓரமாக ஒதுங்கி நின்றேன். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு தாய் என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நடந்து போனது. ஒன்றுகூட என் பையைப் பார்க்கவில்லை. புக்கிட் தீமாவில் ரொட்டிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

தொக்குசாவாவுக்கு மேலே ஊசியிலைக் காடு. பகல் 12 மணிக்கே மங்கலாக இருந்தது. அங்கேதான் காமோஷிகாவைப் பார்த்தேன். ஆட்டினம், சாம்பல் ரோமம், சின்னக் கொம்பு. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பாதையிலிருந்து 15 அடி மேலே நின்றபடி என்னைப் பார்த்தது. நானும் நின்றுவிட்டேன். அது ஓடவில்லை. கண்ணைக்கூட இமைத்த மாதிரி தெரியவில்லை. கிட்டத்தட்ட 10 நிமிடம். அப்புறம் தலையைத் திருப்பி, கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியை ஒரு கிளையில் தேய்த்துவிட்டு மெதுவாக மேலே போனது. அது தன் எல்லையைக் குறிக்கும் முறை என்று பிறகு, மலையேறிகள் இரவு தங்கும் குடிலில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் பக்கத்தில் இருந்திருந்தால் நாங்கள் பேசியிருப்போம், அது போயிருக்கும்.

உச்சிக்கு அருகே பனிமூட்டம். தரையோடு படரும் பைன் புதர்களுக்கு நடுவே கல் ஒன்று நகர்ந்தது போல் இருந்தது. கல் இல்லை, ராய்ச்சோ. இடிப் பறவை என்று பொருள். பனிக்கோழி என்று எழுதினால் நமக்குப் புரியும். முதுகு பழுப்பு, வயிறும் காலும் ஏற்கெனவே வெள்ளை. குளிர்காலத்துக்குள் முழுக்க வெள்ளையாகிவிடும். மூன்று இருந்தன. என்னைப் பொருட்படுத்தாமல் கொத்திக்கொண்டே கடந்து போயின.

இனிக் கரடி. இரண்டாம் நாள் காலை குடிலிலிருந்து, ஆற்றோரத்தில் இருக்கும் யோக்கோ என்ற இடத்தின் பக்கமாக இறங்கி, ஆற்றோரப் பாதைக்கு வந்துவிட்டேன். மணி 9 இருக்கும். ஆபத்தான இடமெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன், உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். ஆள் வருவதைக் கரடிக்குச் சொல்லும் கரடிமணி பையில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆறு பாறைகளில் விழுந்து பெரும் இரைச்சல். மணிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மேலே கிளை ஒடியும் சத்தம். குரங்கு என்று நினைத்து நிமிர்ந்தேன். ஒரு மரத்தின் மேல்பாகத்தில் ஒடிந்த கிளைகள் குவிந்து பெரிய கூடு மாதிரி இருந்தது. கரடி மரத்தில் உட்கார்ந்து கிளையை வளைத்துக் காயைத் தின்றுவிட்டு, ஒடிந்த கிளையைத் தனக்குக் கீழேயே அடுக்கிக்கொள்ளும். ஜப்பானியர்கள் அதைக் கரடிப் பரண் என்பார்கள். படித்திருந்தேன். படித்தது நினைவுக்கு வருவதற்குள் அந்தக் கறுப்பு உருவம் பின்பக்கமாக மரத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. எனக்கும் அதற்கும் 40 எட்டு இருக்கும்.

தரையில் நின்று திரும்பிப் பார்த்தது. மார்பில் பிறை போல வெள்ளை. நான் ஓடவில்லை. ஓடக் கூடாது என்று தெரியும் என்பதற்காக இல்லை; கால் அசையவில்லை. வாயில் வந்தது தமிழ்தான். "சரி, சரி, நான் போயிடறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே, முகத்தை அதன் பக்கம் வைத்தபடி பின்னால் நகர்ந்தேன். அது இரண்டு முறை மூச்சை ஊதிவிட்டுக் குட்டை மூங்கில் புதருக்குள் புகுந்தது. மூங்கில் இலைகள் அசைவது மேட்டில் வெகு தூரம்வரை தெரிந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது, கை நடுங்கியது. ஆனால் பயத்தைவிட அதிகமாக இருந்தது வேறொன்று. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரத்தில் குகைக்குள் போய் மாதக்கணக்கில் எதுவும் தின்னாமல் படுக்க வேண்டிய உயிர். அந்தச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுப்பிவிட்டேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மல்லிகை வாசம்

படித்து முடிக்கும்வரை அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். தம்பி, நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அதுவே போதும்.

ஒரு கேள்வி. என் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் தொடங்கும் முன் இதே மாதிரி தனியாகப் போகிறேன் என்கிறான். அவனுக்கு 22 வயது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை. கூட ஒரு நண்பனை அழைத்துப் போ என்றால் முகம் சுருங்குகிறது. நீங்கள் ஏன் தனியாகப் போனீர்கள்? அதைக் கொஞ்சம் எழுதுங்கள்.

கிழக்குக் கரையோரம்

நீங்கள் பத்திரமாக வந்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் மல்லிகை அக்காவின் கேள்விக்கு என் பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை ஜப்பானில் கரடியால் தாக்கப்பட்டவர்கள் 219 பேர், அதில் 6 பேர் இறந்தார்கள். பெரும்பகுதி வடகிழக்கில், அகிதாவிலும் இவாத்தேயிலும். அந்த ஆண்டு பீச் (beech) என்ற காட்டு மரங்கள் காய்க்கவில்லை. பீச், ஓக் எல்லாம் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், மறு வருடம் ஒன்றுமே இருக்காது. காய்க்காத வருடம் கரடி கீழே வரும். கிராமங்களில் ஆள் குறைந்து, வயல் புதராகி, பறிக்க ஆளில்லாமல் ஆரஞ்சு நிறத்தில் காக்கிப் பழம் (பெர்சிமன்) தொங்கும்போது அது ஏன் வராமல் இருக்கும்? கரடியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட காலத்தில், அதுவும் அவை பசித்து அலையும் அக்டோபரில், தனியாளாகப் போவது தேவையா?

நான் ஹொக்கைதோவில் ஐவராகப் போனேன். நாங்கள் பேசிய பேச்சே மணி. ஆற்றோரத்தில் தனியாக நடப்பவர் சத்தமே இல்லாதவர். உங்கள் பதிவே அதற்குச் சாட்சி. அடிபட்டால் ஓடிப்போய் ஆள் கூப்பிடவும் ஒருவர் வேண்டும்.

ஈசூன் நடையர்

கிழக்குக் கரையோரம் அண்ணே, ஆறு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, நான் ஒப்புக்கொள்கிறேன். மணி கட்டிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று இருந்தது என் தவறு. இரைச்சல் உள்ள இடத்திலும், வளைவுக்கு முன்னாலும் நின்று கைதட்டி, வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். அல்லது யோக்கோவில் 10 நிமிடம் காத்திருந்து, பின்னால் வந்தவர்களோடு சேர்ந்து நடந்திருக்கலாம். தனியாகப் போகிறவர் எல்லா நிமிடமும் தனியாக நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் என்னிடம் இருந்தது. மாட்சுமோட்டோவில் வாங்கினேன், அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டாலும் விடமாட்டார்கள். ஆனால் அது பையின் உள்ளே இருந்தது. அந்த 40 எட்டுத் தூரத்தில் பையைக் கழற்றித் தேட நேரம் ஏது? தோள்பட்டையில் மாட்டியிருக்க வேண்டும். மல்லிகை அக்கா, மகனிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், அது பாய்ந்து மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கழுத்தின் பின்பக்கத்தை மூடிக்கொள்ள வேண்டும். பையைக் கழற்றக் கூடாது, முதுகுக்கு அதுதான் கவசம். பெரும்பாலான காயங்கள் முகத்திலும் தலையிலும்தான்.

ஏன் தனியாக என்ற கேள்வி. அப்பா போன பிறகு 2 வருடம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூட்டத்தில் இருந்தால் எல்லோருக்கும் ஈடு கொடுத்துப் பேச வேண்டும். காமோஷிகா முன்னால் நின்ற அந்த 10 நிமிடம் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதை அண்ணனுக்குப் பதிலாகச் சொல்லவில்லை, அக்கா கேட்டதற்காகச் சொல்கிறேன்.

பறவைக்கண்

மூன்று ராய்ச்சோவா! எனக்கு 2 பயணத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பனிமூட்டத்தில் பார்த்தது தற்செயல் இல்லை. வெயில் தெளிந்த நாளில் மேலே கழுகுகள் சுற்றும், அதனால் புதருக்குள் பதுங்கியிருக்கும். மூட்டம் வந்தால் வெளியே வந்து மேயும்.

உலகத்திலேயே இந்தப் பறவையினம் வாழும் தென்கோடி ஜப்பான் மலைகள்தான். பனியுகத்தில் வந்து, வெப்பம் ஏற ஏற உச்சிக்கு ஒதுங்கியவை. மொத்தமே ஏறக்குறைய 2,000. மனிதனுக்குப் பயப்படாததற்குக் காரணமாக ஜப்பானியர்கள் சொல்வது, மலையைத் தெய்வமாகக் கும்பிட்டதால் அங்கே யாரும் வேட்டையாடவில்லை என்று.

உங்கள் குரங்குகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015இல் அதே மலைத்தொடரில் ஒரு குரங்கு ராய்ச்சோ குஞ்சைக் கவ்வியிருப்பதைப் படம் எடுத்தார்கள். குரங்கு, மான், நரி எல்லாம் முன்பைவிட உயரத்துக்கு ஏறுகின்றன. ராய்ச்சோவுக்கு அதற்கு மேலே போக இடம் இல்லை.

லென்ஸ் 400

அருமையான பதிவு. ராய்ச்சோ இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்துப் போட முடியுமா? அடுத்த அக்டோபரில் போகிறேன். கரடிப் பரண் இருந்த மரத்தையும்.

ஈசூன் நடையர்

மன்னிக்கவும், இரண்டையும் போட மனம் வரவில்லை. மலை பெயர் சொல்லிவிட்டேன், உச்சிக்கு அருகே மெதுவாக நடந்தால் பார்க்கலாம். கரடி மரத்தை நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அது திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கீழே வந்ததும், பார்த்த இடத்தையும் நேரத்தையும் காமிகோச்சி தகவல் நிலையத்தில் மட்டும் சொன்னேன். மற்ற நடையர்களை எச்சரிக்க அது போதும்.

லென்ஸ் 400

புரிகிறது. கேட்டது தவறு என்று இப்போது தோன்றுகிறது. படிக்கட்டுப் பயிற்சி போதுமாக இருந்ததா என்றாவது சொல்லுங்கள்.

ஈசூன் நடையர்

ஏற்றத்துக்குப் போதும். இறக்கத்துக்குப் போதவில்லை. எங்கள் புளோக்கில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிய நாட்களே அதிகம், அதனால் முழங்கால் வலித்தது. இறங்குவதையும் படியிலேயே பழகுங்கள். கைத்தடி இரண்டு கட்டாயம். அக்டோபர் நடுவில் மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். இலையுதிர்கால வெயில் கிணற்று வாளி போல விழும் என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. காலை 6 மணிக்குக் கிளம்பி, பிற்பகல் 3 மணிக்குள் குடிலில் இருக்க வேண்டும். இரவில் குடிலுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் உறைந்துவிட்டது.

பழைய தமிழாசிரியர்

ஒரு சிறு செய்தி மட்டும். இலையுதிர் காலம் நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தபோது ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அந்தக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது எது தெரியுமா? கூதிரும் முன்பனியும். குறிஞ்சியின் விலங்குகளில் கரடியும் ஒன்று. ஈசூன் நடையர் ஐப்பசியை ஒட்டிக் குளிர்ந்த மலையில் கரடியைக் கண்டது நம் இலக்கணம் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில்தான். நாற்பது வருடம் இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், குளிரில் நடுங்கி ஒருவர் எழுதி இன்றுதான் படிக்கிறேன். மகிழ்ச்சி.

மெக்ரிட்சி ஞாயிறு

நான் வார இறுதியில் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதைகளில் தன்னார்வலராக நடப்பவள். காமிகோச்சிக் குரங்கு பையைப் பார்க்கவில்லை என்று படித்ததும் எனக்கு ஏக்கமாகிவிட்டது.

நம் குரங்குகளும் பிறவியில் அப்படித்தான். நெகிழிப் பை சரசரத்தால் சாப்பாடு என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம். ஒருவர் "பாவம், பசிக்கும்" என்று ஒரு வாழைப்பழம் கொடுப்பார். அடுத்த வாரம் அதே குரங்கு ஒரு பாட்டியின் பையைப் பறிக்கும். அப்புறம் அந்தக் குரங்கின் மேல் புகார் போகும். புகார் கூடினால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வாழைப்பழம் கொடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, எந்தக் காட்டு விலங்குக்கும் உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தைச் சொன்னால் கேட்கிறார்கள். குரங்குக்கு என்ன ஆகும் என்று சொன்னால் சிலர்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்டவர்கள் மறுபடி கொடுப்பதில்லை.

காமிகோச்சிக் குரங்குகள் பற்றி இன்னொன்று: கடும் குளிரில் அவை ஓடையில் மீன் பிடித்துத் தின்கின்றன என்று 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எச்சத்தில் இருந்த மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தது. யாரும் கொடுக்காவிட்டால் விலங்கு தானே வழி தேடிக்கொள்ளும்.

மல்லிகை அக்கா, மகனை முதலில் இங்கே தனியாக நடக்கவிடுங்கள். மெக்ரிட்சியைச் சுற்றி 11 கிலோமீட்டர், விடியற்காலையில், காதில் எதுவும் மாட்டாமல். காட்டுப்பன்றி, மலைப்பாம்பு, உடும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் மரத்தோடு ஒட்டியிருக்கும் பறக்கும் லெமூர். பிப்ரவரியில் போனால் பழைய ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டும். நமக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது, சில வாரம்தான், பலர் கவனிப்பதில்லை.

கிழக்குக் கரையோரம்

மெக்ரிட்சியில் கரடி இல்லை, அதனால் அது பயிற்சி ஆகாது என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் ஆகும். நின்று கவனிப்பது எங்கே பழகினாலும் பழக்கம்தான்.

தனியாகப் போவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் நடையர் தம்பி அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, "தேவையா" என்று நான் கேட்ட விதம் சரியில்லை என்று நினைக்கிறேன். மன்னியுங்கள். அக்காவின் மகன் போவதென்றால், அந்த வருடம் காய் எப்படிக் காய்த்திருக்கிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மாநில அரசுகள் கரடி நடமாட்ட வரைபடம் வெளியிடுகின்றன. காய்க்காத வருடம் என்றால் வேறு நாடு, வேறு மாதம்.

ஈசூன் நடையர்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணே. காய்ப்பு பற்றி நான் பார்க்கவே இல்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மல்லிகை வாசம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த இழை முழுவதையும் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பி மெக்ரிட்சிக்குத் தனியாகப் போனான். 10 மணிக்கு வருவதாகச் சொன்னவன் 11 வரை வரவில்லை, எனக்கு உயிர் போய் வந்தது.

வந்ததும் கேட்டேன். பாதையில் ஒரு காட்டுப்பன்றி, கூடவே 5 குட்டி, கோடு போட்டவை. தாய் பாதையின் நடுவில் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றதாம். இவன் பின்னால் நகர்ந்து, அது சாப்பிட்டு முடித்துப் போகும்வரை முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான். பின்னால் வந்த இரண்டு பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறான். படம் எடுத்தாயா என்றேன். குட்டி இருந்ததும்மா, கிட்டப் போகவில்லை என்றான்.

அடுத்த அக்டோபருக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். ஈசூன் தம்பி, அந்த இணையப் பதிவை எப்படிச் செய்வது என்று தனிமடலில் எழுத முடியுமா? நகல் எனக்கும் வர வேண்டும்.